இதய வால்வு கறுக்கும் வரை காத்திருக்கலாமா?

பெருந்தமனி வால்வை மாற்றுவதற்காக நெஞ்சைத் திறந்த அறுவை மருத்துவர்கள், வெளிறிய வால்வை எதிர்பார்த்த இடத்தில் கறுத்துத் தடித்த வால்வைக் கண்டு திகைத்த செய்திகள் உலக மருத்துவ ஏடுகளில் பல பத்தாண்டுகளாக வந்துகொண்டிருக்கின்றன. வால்வோடு பெருந்தமனியின் உட்சுவரும், சிலருக்கு இதயத்துக்கே ரத்தம் தரும் தமனிகளும் கறுத்திருக்கும். எக்கோ பரிசோதனையில் வால்வு சுருங்கியிருப்பது தெரியும். அதன் நிறம் தெரியாது. அதனால், பிறந்த நாள் முதல் உடலில் இருந்துவந்த கோளாறின் பெயரை ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர் அந்த அறுவைக்குப் பிறகே முதன்முதலாகக் கேட்க நேர்கிறது. அந்தக் கோளாறு அல்காப்டோன்யூரியா. அதனால் படியும் கறுப்பு நிறமிக்கு ஓக்ரோனோசிஸ் என்று பெயர். பச்சிளம் குழந்தையின் சிறுநீரில் சில துளி காரத்தை விட்டாலே இதன் அடையாளம் தெரிந்துவிடும். தமிழ்நாட்டில் எந்த மக்களிடையே இது மிகுதியாக இருக்கிறது என்பது 2014ஆம் ஆண்டிலேயே ஆய்விதழில் அச்சாகிவிட்டது. நோய்க்குக் காரணமான அமிலம் உடலில் தேங்குவதைத் தடுக்கும் மருந்து இப்போது இந்தியாவிலேயே தயாராகிறது. இந்த மூன்றும் கையில் இருக்கும்போது நோயை நாமே தேடிப் போகாமல், அது அறுவை மேசைக்கு வரட்டும் என்று இருப்பதை ஒரு பொது சுகாதாரத் துறை நியாயப்படுத்த முடியாது. அந்தத் தேடலை வேலூர் வட்டாரத்திலிருந்து தொடங்கலாம் என்பது என் வாதம்.

முதலில் நோயின் வழியைப் பார்ப்போம். பருப்பு, பால், மீன், இறைச்சி என்று நாம் உண்ணும் எந்தப் புரதத்திலும் ஃபீனைல்அலனின், டைரோசின் என்ற இரண்டு அமினோ அமிலங்கள் உண்டு. உடல் இவற்றைப் படிப்படியாக உடைக்கிறது. அந்தப் படிகளில் ஒன்றில் ஹோமோஜென்டிசிக் அமிலம் உருவாகும். உருவானதுமே ஒரு நொதி அதை அடுத்த படிக்குத் தள்ளிவிடும். அந்த நொதியைத் தயாரிக்கும் மரபணு தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் பழுதாகவே வந்து சேர்ந்த குழந்தைக்கு அமிலம் அந்தப் படியிலேயே தேங்குகிறது. பெரும்பகுதியைச் சிறுநீரகம் வெளியேற்றிவிடும். பெரியவர்களில் அது நாளொன்றுக்குச் சில கிராம் வரை போகும். சிறுநீரைத் திறந்து வைத்தால் மெல்லக் கறுப்பதும், சோப்புக் காரம் பட்ட துணியில் அது கறையாவதும் இதனால்தான். வெளியேறாமல் தங்கும் சிறிதளவு அமிலம் ரத்தத்தோடு சுற்றி, ஆக்சிஜன் ஏறிக் குயினோனாக மாறி, ஒன்றோடொன்று கோத்துக் கறுப்பு நிறமியாகி, உடலின் இணைப்புத் திசுக்களில் ஒட்டிக்கொள்கிறது. காது மடல் நீலம் பாரிக்கும். கண்ணின் வெள்ளை விழியில் கரும்புள்ளி தோன்றும். முதுகெலும்பு வட்டுகளும் முழங்கால், இடுப்பு மூட்டுகளின் குருத்தெலும்பும் கறுத்து நொறுங்கும். கடைசியாகவே இதயத்தின் இடப்பக்க வால்வுகளில், அதிலும் அழுத்தம் மிகுந்த பெருந்தமனி வால்வில், நோய் தன்னைக் காட்டும்.

இந்த வேதியியலை ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டைப் பக்கம் இருப்பவர்களுக்கு எங்கிருந்தோ கொண்டுவந்து விளக்க வேண்டியதில்லை. குரோம் உப்பு வருவதற்கு முன் இந்த ஊர்களின் தோல் ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் ஊறித்தான் பதமானது. பட்டையில் இருக்கும் ஃபீனால் சேர்மங்கள் தோலின் கொலாஜன் இழைகளைப் பற்றிக்கொள்வதால் அழுகக்கூடிய தோல் அழுகாத தோலாகிறது. குயினோனைக் கொண்டே பதனிடும் முறையும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து தோல் வேதியியலாளர்களுக்குத் தெரியும். ஹோமோஜென்டிசிக் அமிலமும் அந்த ஃபீனால் குடும்பத்தைச் சேர்ந்ததே. அது பற்றிக்கொள்வதும் கொலாஜனைத்தான். ஆகவே உயிருள்ள உடலுக்குள் நாற்பது ஐம்பது ஆண்டுகள் மெல்ல நடக்கும் பதனிடல் என்று இந்த நோயைச் சொன்னால் அதில் மிகை குறைவு. செருப்புக்கான தோல் நிலைத்து நிற்க வேண்டும். இதய வால்வோ நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் முறை வளைந்து திறந்து மூட வேண்டும். இறுகிய வால்வில் சுண்ணாம்புச் சத்தும் படியும்போது அது பாதி திறந்த நிலையிலேயே நின்றுவிடுகிறது. கொலாஜனின் முச்சுருள் கட்டமைப்பைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954இல் வெளியிட்டார்கள். அதற்கான கங்காரு வால் தசைநாண் மாதிரி கிடைத்தது அடையாற்றிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து. கொலாஜனை உலகத்துக்கே விளக்கிச் சொன்ன மாநிலத்தில், கொலாஜனைக் கறுக்கவைக்கும் ஒரு நோய் கேட்பாரின்றிக் கிடப்பது எனக்கு வேதனை தருகிறது.

நோயின் காலக்கணக்கைப் பார்த்தால் என் வாதத்தின் அடிப்படை விளங்கும். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் மருத்துவர்கள் 58 நோயாளிகளை ஆராய்ந்து 2002இல் வெளியிட்ட கட்டுரையில் அந்தக் கணக்கு இருக்கிறது. மூட்டு மாற்று அறுவை தேவைப்பட்ட சராசரி வயது 55. இதய வால்வு பாதிப்பு 54 வயதில். இதயத் தமனிகளில் சுண்ணாம்புப் படிவு 59 வயதில். சிறுநீரகக் கல் 64 வயதில். முதுமையால் வரும் சாதாரண வால்வுச் சுருக்கம் பெரும்பாலும் எழுபதுகளில்தான் தலைகாட்டும் என்பதோடு ஒப்பிட்டால், இந்த நோயாளிகள் ஏறக்குறைய இருபது ஆண்டுகளை இழக்கிறார்கள். முப்பதுகளில் தொடங்கும் முதுகுவலியோ, மூட்டை தூக்கும் தொழிலாளிக்கும் நாளெல்லாம் நடந்து பொருள் விற்பவருக்கும் வரும் வழக்கமான தேய்மானம் என்றே எழுதப்பட்டுவிடுகிறது. இன்னொரு குழப்பமும் உண்டு. சிறுநீரில் சர்க்கரையைக் காட்டும் பழைய பெனடிக்ட் சோதனையில் இந்த அமிலமும் நிறம் மாற்றிக் காட்டும். அதைக் கண்டு நீரிழிவு என்று நினைத்துவிட இடமிருக்கிறது. முதல் நாளிலேயே அடையாளம் கிடைத்துவிடுகிறது, ஆனால் சேதம் தெரிய அரை நூற்றாண்டு ஆகிறது. மருத்துவத்தில் இவ்வளவு நீண்ட முன்னறிவிப்பு தரும் நோய்கள் அதிகமில்லை. அந்த முன்னறிவிப்பைத்தான் நாம் வீணாக்கிக்கொண்டிருக்கிறோம்.

இந்த நோய்க்கு மருத்துவ வரலாற்றில் தனி இடம் உண்டு. 1866இல் ஜெர்மனியின் விர்ஷோ, இறந்துபோன 67 வயது மனிதர் ஒருவரின் உடலில் கறுத்த குருத்தெலும்பைக் கண்டு எழுதினார். 1902இல் லண்டன் மருத்துவர் ஆர்ச்சிபால்ட் கேரட், இந்த நோயுள்ள குழந்தைகளின் பெற்றோர் பல இடங்களில் ஒன்றுவிட்ட சகோதர சகோதரிகளாக இருப்பதைக் கவனித்தார். மெண்டலின் மரபு விதிப்படி இறங்கும் மனித நோய் ஒன்று முதன்முதலாக இனங்காணப்பட்டது அங்கேதான். பழுதான மரபணு ஒன்றை மட்டும் சுமப்பவருக்கு எந்தக் கேடும் இல்லை. அப்படிச் சுமக்கும் இருவர் மணந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. உலக அளவில் இரண்டரை லட்சம் முதல் பத்து லட்சம் பேருக்கு ஒருவர் என்பதே பொதுவான கணக்கு. ஸ்லோவாக்கியாவிலோ 19,000 பேருக்கு ஒருவர். மலைப்பகுதிகளில் வெளித்தொடர்பு குறைந்து வாழ்ந்த சிறு கூட்டங்களுக்குள் பழைய மரபணுப் பிழைகள் திரும்பத் திரும்பச் சந்தித்ததன் விளைவு அது. அந்த நாடு தன் பிழையைத் தானே தேடிப் படித்தது, பிறந்த குழந்தைகளைச் சோதித்தது, பின்னாளில் மருந்து ஆய்வுக்கான களங்களில் ஒன்றாகவும் ஆனது.

தமிழ்நாட்டில் அந்த நிலையில் இருப்பவர்கள் நரிக்குறவர்கள். பல நூற்றாண்டுகளுக்கு முன் மேற்கு இந்தியாவிலிருந்து வந்தவர்களாகக் கருதப்படும் இவர்கள் தமக்குள்ளேயே மணம் முடிக்கும் சிறு சமூகம். ஊசி மணி, பாசி மணி விற்பவர்களாகப் பேருந்து நிலையங்களிலும் திருவிழாக்களிலும் நாம் காண்பவர்கள். தமிழ்நாட்டின் ஒரு பகுதியில் குடியமர்ந்திருந்த 41 நரிக்குறவர்களைத் தமிழ்நாட்டு ஆய்வாளர்களும் ஸ்லோவாக் ஆய்வாளர்களும் சேர்ந்து பரிசோதித்தபோது 16 பேருக்கு அல்காப்டோன்யூரியா இருந்தது. 2014இல் வெளியான அந்த ஆய்வில், பதினொருவர் ஒரே மரபணுப் பிழையை இரண்டு பிரதிகளிலும் சுமந்தார்கள். மற்ற ஐவரிடம் அந்தப் பிழை ஒரு பிரதியில் மட்டும் தென்பட்டது. இரண்டாவது பிழை எதுவென்று பிடிபடவில்லை. பத்து லட்சத்தில் ஒருவர் என்று பாடநூல் சொல்லும் நோய் 41 பேரில் 16 பேருக்கு! மாதிரி சிறியது, ஒரே பகுதியைச் சேர்ந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. இந்த விகிதத்தை முழுச் சமூகத்துக்கும் நீட்டிப் பேசவும் கூடாது. ஆனால் மாதிரி சிறியது என்றால் அடுத்த வேலை பெரிய மாதிரியை எடுப்பதுதானே? நோயின் வேர் எங்கே என்று தெரிந்த பிறகும் மாநிலம் தழுவிய கணக்கெடுப்பு நடக்காமல் ஆண்டுகள் ஓடுகின்றன. நரிக்குறவர், குருவிக்காரர் சமூகங்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் சட்டத்தை 2022 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. கல்வி, வேலை ஒதுக்கீட்டுக்கு வழி திறந்த அந்த அங்கீகாரம் அவர்கள் உடல்நலத்துக்கும் ஏதாவது செய்ய வேண்டும்.

வேலூரிலிருந்து ஏன் தொடங்க வேண்டும்? அதைச் சொல்வதற்கு முன் இதே மண்ணிலிருந்து எழக்கூடிய ஒரு மறுப்பைச் சந்திக்க வேண்டும். 1970களில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் புள்ளியியலாளர்களான சுந்தர் ராவும் இன்பராஜும் அன்றைய வட ஆற்காடு மாவட்டத்தில் உறவு மணங்களைப் பெருமளவில் ஆராய்ந்தார்கள். கிராமங்களில் நடந்த திருமணங்களில் பாதியை நெருங்கும் அளவுக்கு உறவுக்குள் நடந்தவை. நகரத்திலும் அது நான்கில் ஒரு பங்குக்கும் கூடுதல். மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் என்று முடிக்கும் வழக்கம் நமக்குப் புதிதல்ல. அவ்வளவு உறவு மணம் இருந்தும் கருச்சிதைவு, குழந்தை மரணம் முதலியவற்றில் பெரிய வேறுபாடு இல்லை என்பது அந்த ஆய்வுகள் எடுத்துச் சொன்ன முடிவு. தலைமுறை தலைமுறையாக இந்த வழக்கம் இருப்பதால் உயிரைப் பறிக்கும் பிழைகள் காலப்போக்கில் கழிந்திருக்கலாம் என்ற விளக்கமும் சொல்லப்பட்டது. உறவு மணத்தால் கேடில்லை என்பவர்கள் இன்றும் சாய்ந்துகொள்ளும் தூண் இது. அந்த ஆய்வை நான் மதிக்கிறேன். ஆனால் கருவில் கலைந்ததையும் தொட்டிலில் மாண்டதையும் எண்ணும் கணக்கில் அல்காப்டோன்யூரியா சிக்காது. குழந்தையாக இருக்கும்போது அது யாரையும் கொல்வதில்லை. மணம் முடித்து, பிள்ளை பெற்று, பேரன் எடுக்கும் வயதில்தான் மூட்டையும் வால்வையும் தாக்குகிறது. இளமையில் கொல்லாத பிழையை இயற்கைத் தேர்வு கழித்தெறியாது, அது அப்படியே இறங்கிவரும். கழிந்துபோயிருக்கும் என்ற ஆறுதல் இந்த நோய்க்குப் பொருந்தாதது இதனால்தான்.

அடுத்த மறுப்பு கனமானது, நேர்மையானது. ஏற்கெனவே ஒதுக்கிவைக்கப்பட்ட ஒரு சமூகத்தின் மீது பரம்பரை நோய் என்ற முத்திரையையும் குத்தலாமா? ஒரு முகாம், நாலு புகைப்படம், மறுநாள் செய்தித்தாளில் கறுப்புச் சிறுநீர் என்று கொட்டை எழுத்தில் தலைப்பு: இப்படித்தான் நடக்கும் என்றால் அந்த முகாம் நடக்காமலிருப்பதே நல்லது. ஆனால் மரபணுப் பிழை ஏழைகளின் சொத்தோ நாடோடிகளின் சொத்தோ அல்ல. தெற்காசியாவின் 263 சமூகக் குழுக்களின் மரபணுவை ஆராய்ந்து 2017இல் வெளியான ஆய்வு, அவற்றில் 81 குழுக்களில் சில முன்னோர்களிடமிருந்தே பெருகியதன் தடம், மரபணு நோய்களுக்குப் பெயர்பெற்ற ஃபின்லாந்து மக்களிடமும் அஷ்கெனாசி யூதர்களிடமும் இருப்பதைவிட அழுத்தமாக இருப்பதைக் காட்டியது. வணிகத்தில் முன்னேறிய வைசியச் சமூகத்தில் மயக்க மருந்தோடு தரும் தசைத்தளர்வு மருந்து சிலருக்கு நெடுநேரம் இறங்காமல் போவது மயக்க மருத்துவர்களுக்குத் தெரிந்த செய்தி. அதற்கும் காரணம் ஒரு நொதிக் குறைபாடே. அதைக் கேட்டறிந்து மருந்தை மாற்றிக்கொடுக்கிறார்கள். அந்தச் சமூகத்தை யாரும் இழிவாகப் பார்ப்பதில்லை. வைசியருக்குப் பயன்படும் அறிவு நரிக்குறவருக்கு மட்டும் இழிவாகுமென்றால் அது நம் பார்வையின் கோளாறு, அறிவின் கோளாறு அல்ல.

அதோடு, இழிவு சுமத்தப்பட்ட ஒரு நோயை வீடு வீடாகப் போய்த் தேடி, சுமப்பவரின் மானம் குலையாமல் மருந்து தரும் முறையை இந்தியாவுக்குக் கற்றுக்கொடுத்த இடங்களில் இந்த வட்டாரமும் ஒன்று. காட்பாடிக்கு அருகே கரிகிரியிலிருந்த ஆராய்ச்சி மையம் 1960களில் குடியாத்தம் வட்டம் முழுதும் தொழுநோய்க் கணக்கெடுப்பு நடத்தியது. பால் பிராண்ட் வேலூரில் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை அறுவையால் நிமிர்த்தினார். நோயாளி ஊனமாகி வாசலுக்கு வந்து நிற்கும் வரை காத்திருக்காமல், தோலில் தேமல் தெரியும் நிலையிலேயே போய்ப் பார்ப்பது என்ற எளிய கொள்கையே அந்த வேலையின் உயிர். வேலூரின் இரண்டு மருத்துவக் கல்லூரிகளுக்கும், கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கும் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரிக்கும், அந்த மரபு அருகிலேயே இருக்கிறது. கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் மரபணு மருத்துவமும் இதய அறுவையும் இரண்டுமே நடக்கின்றன. 2019இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகப் பிரிந்த இந்த மாவட்டங்கள் முன்னோட்டத் திட்டம் ஒன்றுக்கு அளவிலும் பொருத்தமானவை.

அரிதான நோய்க்கு ஏன் இவ்வளவு கவலை, காசநோயும் ரத்தசோகையும் நீரிழிவும் வரிசையில் நிற்கும்போது என்று நிதித் துறையிலிருந்து கேள்வி வரும். ஊரெல்லாம் சோதிக்கச் சொன்னால் அந்தக் கேள்வி சரியே. நான் கேட்பது நோய் மிகுதியாக இருப்பதாகத் தெரிந்த இடத்தில் மட்டும் தேடுவது. சோதனைக்கு வேண்டியது ஒரு கண்ணாடிக் குப்பி, சிறிது காரம், ஃபெரிக் குளோரைடு கரைசல். சந்தேகம் எழுந்தவர்களின் மாதிரியை மட்டும் ஆய்வகத்துக்கு அனுப்பி அமிலத்தின் அளவைத் துல்லியமாகப் பார்த்தால் போதும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் ஊழியர்கள் ஏற்கெனவே வீடு வீடாக ரத்த அழுத்தம் பார்க்கப் போகிறார்கள். நரிக்குறவர் குடியிருப்புகளில் அவர்கள் பையில் ஒரு குப்பி கூடுதலாக இருப்பது பெரிய செலவில்லை. மறுபக்கம் வால்வு மாற்று அறுவைக்கு முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் பணம் தருகிறது. நாற்பது ஆண்டுச் சேதத்துக்கு ஈடு கட்ட ஒப்புக்கொண்ட அரசு, சேதத்தைத் தொடக்கத்திலேயே அறிவதற்கு ஆகும் சில்லறைச் செலவை மறுப்பது எந்தக் கணக்கிலும் சிக்கனமாகாது.

கண்டுபிடித்தால் என்ன பயன், மருந்துதான் இல்லையே என்பது சில ஆண்டுகளுக்கு முன் வரை பொருந்திய மறுப்பு. இன்று நிலைமை மாறிவிட்டது. களைக்கொல்லி ஆராய்ச்சியில் பிறந்து, டைரோசினீமியா என்ற இன்னொரு பிறவிக் கோளாறில் குழந்தைகளின் உயிரைக் காத்துவரும் நிடிசினோன் என்ற மருந்து, ஹோமோஜென்டிசிக் அமிலம் உருவாவதற்கு முந்தைய படியிலேயே பாதையை அடைக்கிறது. லிவர்பூலின் லட்சுமிநாராயண் ரங்கநாத் தலைமையில் 138 நோயாளிகளிடம் நான்கு ஆண்டுகள் நடந்த ஆய்வின் முடிவு 2020இல் வந்தது. நாளுக்கு 10 மில்லிகிராம் மருந்து சிறுநீரில் அமிலத்தை 99 விழுக்காட்டுக்கும் மேல் குறைத்தது. நோய் முற்றும் வேகமும் குறைந்தது. அதே ஆண்டு ஐரோப்பாவில் பெரியவர்களுக்கு இம்மருந்து அனுமதி பெற்றது. இந்தியாவில் 2023 நவம்பரில் மத்திய சுகாதார அமைச்சகம் அறிவித்தபடி, இறக்குமதியில் ஆண்டுக்கு 2.2 கோடி ரூபாய் ஆன டைரோசினீமியா சிகிச்சைக்கு உள்நாட்டு நிடிசினோன் 2.5 லட்சம் ரூபாயில் கிடைக்கிறது. டைரோசினீமியாவுக்கு உடல் எடையில் கிலோவுக்கு ஒரு மில்லிகிராம் வீதம் தருகிறார்கள். அல்காப்டோன்யூரியாவுக்கு லிவர்பூல் மையம் நாளுக்கு இரண்டே மில்லிகிராம் கொடுத்துவந்திருக்கிறது. மருந்து அளவு குறையக் குறையச் செலவும் இறங்கும். 2021ஆம் ஆண்டின் தேசிய அரிய நோய்க் கொள்கை டைரோசினீமியாவின் முதல் வகைக்கு இந்த மருந்தை ஏற்கெனவே ஏற்றிருக்கிறது. அதே மருந்து அல்காப்டோன்யூரியாவுக்கும் என்று எழுதுவதற்கு ஒரு திருத்தம் போதும்.

மருந்தின் மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. பாதையை மேலே அடைத்தால் டைரோசின் ரத்தத்தில் ஏறும். சிலருக்குக் கருவிழியில் எரிச்சலும் புண்ணும் வரும். அதைத் தடுக்கப் புரதத்தைக் குறைத்து உண்ணச் சொல்கிறார்கள். முட்டையும் மீனும் எட்டாக்கனியாக இருக்கும் குடும்பத்தின் தட்டிலிருந்து புரதத்தைக் குறைக்கச் சொல்வது எளிய அறிவுரை அல்ல. அதைக் கண் மருத்துவரும் உணவியலாளரும் அருகிலிருந்து பார்த்துக்கொள்ள வேண்டும். வளரும் குழந்தைகளுக்கு எந்த வயதில் மருந்தைத் தொடங்குவது என்பதும் இன்னும் முடிவாகாத கேள்வி. ஏற்கெனவே படிந்த கறுப்பை மருந்து கரைத்துவிடும் என்றோ, இதய வால்வைக் காப்பாற்றிவிடும் என்றோ இன்று யாரும் உறுதி சொல்ல முடியாது. வால்வின் கணக்கு தெரிய இன்னும் நெடுங்காலம் பின்தொடர வேண்டும். ஆகவே பிறந்ததும் கண்டறிவதென்றால் பிறந்ததும் மாத்திரை என்று பொருளில்லை. நாற்பது வயதுக்கு மேல் ஆண்டுதோறும் எக்கோ எடுப்பது, முதுகை முறிக்கும் வேலையை இளமையிலேயே தவிர்க்க உதவுவது, மணம் பேசும்போது இரு பக்கமும் தெரிந்து முடிவெடுக்க ஆலோசனை தருவது ஆகியவை மாத்திரைக்கு முன்பே தொடங்கக்கூடியவை.

சான்று முழுமையடையட்டும், பிறகு பார்க்கலாம் என்பவர்களுக்கு இந்த வட்டாரத்தின் பெயரிலேயே ஒரு பதில் பதிவாகியிருக்கிறது. தோல் ஆலைக் கழிவு பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்ததை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மீட்க முடியாத கடுஞ்சேதம் வரும் அபாயம் இருக்கும் இடத்தில், அறிவியல் உறுதி முழுதாகக் கிட்டவில்லை என்பதைத் தடுப்பு நடவடிக்கையைத் தள்ளிப்போடக் காரணமாகக் காட்டக் கூடாது என்ற முன்னெச்சரிக்கைக் கொள்கையை இந்தியச் சட்டத்தின் பகுதியாக்கியது அந்தத் தீர்ப்பு. அது நிலத்துக்கும் நீருக்கும் சொல்லப்பட்டது என்பது உண்மை; மருந்து விஷயத்தில் அவசரமே சேதமாகிவிடலாம் என்பதும் உண்மை. ஆனால் தேடுவதும் கண்காணிப்பதும் சேதம் செய்யாத காரியங்கள். ஆற்றின் உப்பு ஏறிய பிறகு எத்தனை கோடி செலவிட்டும் பழைய பாலாறு திரும்பவில்லை என்பதைக் கண்ணால் கண்ட மக்களுக்கு இந்த நியாயத்தை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

முதல் வேலை அரசாணைக்காகக் காத்திருக்கத் தேவையில்லாதது. வால்வு அறுவை செய்யும் ஒவ்வொரு மருத்துவமனையும் மூட்டு மாற்று அறுவை செய்யும் ஒவ்வொரு மையமும், கறுத்த திசுவைக் கண்டால் அந்த நோயாளியின் சிறுநீரைச் சோதித்துக் குறிப்பில் எழுதி, அவருடைய உடன்பிறந்தவர்களையும் பிள்ளைகளையும் சோதனைக்கு அழைக்க வேண்டும். உடன்பிறந்த ஒவ்வொருவருக்கும் நோய் இருக்க நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு இருப்பதால், கண்டறிந்த ஒருவரிடமிருந்து தொடங்குவதைவிட விளைச்சல் மிகுந்த தேடல் வேறில்லை. இரண்டாவதாக, மூன்று மாவட்ட நிர்வாகங்களும் தம் எல்லைக்குள் வாழும் நரிக்குறவர் குடும்பங்களின் பெரியவர்களோடு முதலில் உட்கார்ந்து பேச வேண்டும். எதற்காகச் சோதனை, முடிவு யாரிடம் இருக்கும், அதன் பிறகு என்ன கிடைக்கும் என்று அவர்கள் வாக்ரி மொழியிலேயே சொல்லி, அவர்கள் இசைந்த பிறகே குப்பியைத் திறக்க வேண்டும். அந்தச் சமூகத்தின் படித்த இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து இந்த வேலையை அவர்கள் கையிலேயே ஒப்படைத்தால் இன்னும் நல்லது. நோய் உறுதியானவர்களுக்குக் கண், எலும்பு, இதயம் மூன்றையும் ஒரே நாளில், ஒரே இடத்தில் பார்த்து அனுப்பும் மருத்துவப் பிரிவு ஒன்று வேலூரில் வேண்டும். நாள் கூலியை விட்டு மூன்று முறை அலைய அவர்களால் முடியாது.